மாத்தே தண்ணீரில்லை

புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் அறைக்கு வெளியே, நெலிடா கதிர்ப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். எம்.ஆர்.ஐ. படத்தில் மூத்திரப்பை நிரம்பி வீங்கியிருந்தது. அது புற்றுக்கட்டி இருந்த புரோஸ்டேட் சுரப்பியை மலக்குடல் பக்கம் தள்ளியிருந்தது. அரை மணிக்கு முன் எடுத்த படத்தின் மேல் டாக்டர் போட்ட கோட்டின்படி கதிரால் சுட்டால் குடல் வேகும்.

மைக்கில் கேட்டாள். "பெரியவரே, என்ன குடிச்சீங்க?"

"ரெண்டு டம்ளர் தண்ணி. நீ சொன்னதுதான்."

"வேற?"

"ஒண்ணுமில்ல. என்னைப் பொய்யன்கிறியா?"

"நான் சொல்லல. உங்க மூத்திரப்பை சொல்லுது."

மொந்தெவிதேயோ நகரில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய வால்டெமார் எச்செவெரி, படமும் எடுத்துக் கதிரும் பாய்ச்சும் மெஷினின் குழாய்க்குள் கிடந்தபடியே கத்தினார். "அமுக்கும்மா! அதுக்குத்தானே சம்பளம்!"

பழைய மெஷினில் அவள் அமுக்கியிருக்கிறாள். தோலில் மையால் குறி போட்டு, உள்ளே எது எங்கே நகர்ந்தது என்று தெரியாமல் சுட்ட காலம். அந்த ஆட்களில் சிலர் இரண்டு வருஷம் கழித்து, குடலில் ரத்தம் போகிறதென்று இதே வாசலுக்கு வந்தார்கள். பெயர்கள்கூட அவளுக்கு நினைவிருந்தன.

அவர் படுத்திருந்த பலகையை வெளியே இழுத்தாள். "இன்னைக்கு இல்ல. நாளைக்கு வாங்க."

"அஞ்சு தடவை கதிர்ல இது மூணாவது. இப்படி அனுப்பினா இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன். கட்டி வளரட்டும். உன் பேரைச் சொல்லிட்டே சாவேன்."

"சாகறதுன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

உடை மாற்றி வந்தவர் நாற்காலிக்கடியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். மறு கையில் ஈர இலை அடைத்த சுரைக்குடுக்கை, அதில் செருகிய உறிஞ்சுகுழல். அவள் பிளாஸ்க்கைப் பிடுங்கிக் குலுக்கினாள். ஒரு லிட்டர். காலி.

"இது என்ன?"

"மாத்தே." குடுக்கை இலையில் வெந்நீர் ஊற்றி, ஊரே நாள் முழுக்க உறிஞ்சும் கசப்புத் தேநீர்.

"ஒண்ணும் குடிக்கலைன்னீங்க!"

"மாத்தேயை யாரும்மா குடிக்கறதுல சேர்ப்பா? பைத்தியமா உனக்கு?"

அவளுடைய மாத்தே பிளாஸ்க்கும் மேசைமேல்தான் இருந்தது, பாதிக்கு மேல் காலியாக. யாராவது கேட்டிருந்தால், காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"உன் மூத்திரப்பையையும் ஒரு படம் எடு" என்று சொல்லிக் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். பிளாஸ்க் இல்லை. மாத்தே இல்லாமல் தலை வலிக்கிறது என்றார். வணக்கம் சொல்லவில்லை; அவளும் சொல்லவில்லை. மூத்திரப்பை அளவாக இருந்தது. கதிர் பதினோரு நிமிஷம் ஓடியது. அவர் போனபின், நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில் 'வேறு எதுவும் குடிக்கக் கூடாது' என்ற வரிக்குக் கீழே அவள் பேனாவால் 'மாத்தேயும்' என்று எழுதினாள்.