வடிவான ஸ்பிரிங்

ஜித்ராவில் என் பட்டறைக்கு டர்போ கார் கொண்டுவந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார். பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார். வால்வை இன்னும் ஆழமாகத் திறக்கும் புது கேம்ஷாஃப்ட் மாட்டச் சொல்லியிருந்தார். அதற்கேற்ற வால்வு ஸ்பிரிங்கும் வேண்டும்.

"வடிவாப் பாத்து எடும் தம்பி."

எஞ்சின் மூடிக்குள் கிடக்கப்போவதற்கு அழகு எதற்கு? சிவப்புச் சாயம் பூசியதை நீட்டினேன்.

"இதுதான் சார் அழகு. ஆனா ரொம்பக் கெட்டி லா, புது கேமைத் தேய்ச்சிடும். பழைய ஸ்பிரிங் டர்போ காத்தைத் தாங்காது, வால்வு ஒழுங்கா மூடாது. சரியானது இந்தக் கறுப்புதான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட ஆக்களுக்கு வடிவா எண்டா சரியா எண்டுதான் அர்த்தம்!"

கறுப்பையே போட்டேன். கார் சீறிக்கொண்டு போனது.

அவர் முகம்கூட மறந்துவிட்டது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு ஸ்பிரிங் கச்சிதமாக உட்காரும்போது, இன்றும் என் வாயில் வருவது "வடிவு"தான்.