பத்துக் கதவு சப்ரியின் சுயசரிதை

சப்ரி சேர் ஒருவரிடம் கேள்வி கேட்டால், பதில் வருகிற நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்க்கமாட்டார். பக்கத்தில் நிற்பவர்களின் பக்கம் திரும்பிவிடுவார். தொலைக்காட்சியில் 'பத்துக் கதவு' என்ற பொது அறிவுப் போட்டியை நடத்திய காலத்தில் அது கமராவுக்காக என்று நினைத்திருந்தேன். நிகழ்ச்சி நின்று கல்முனைக்கே திரும்பி வந்த பிறகும் அப்படித்தான். மீன்காரரிடம் விலை கேட்டுவிட்டு, அடுத்து நிற்கிற ஆளைப் பார்த்துச் சிரிப்பார். தன் மனைவியிடமும் அப்படித்தான். பதில் சொல்கிறவர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதைக் கேட்டுச் சிரிக்க யார் இருக்கிறார்கள் என்பதே அவருடைய கவலை.

அவருடைய சுயசரிதையைத் தட்டச்சு செய்தது நான். ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் பட்டம் முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் வளாகம் போன முதல் ஆள் என்பதால், எழுத்து வேலை என்றால் தெருவே என்னைத்தான் தேடும். சேர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். நான் அதை ஒழுங்காக்கி எழுதுவேன்.

பதிவில் அவர் சொன்ன வாழ்க்கை வேறு, ஊருக்குத் தெரிந்த வாழ்க்கை வேறு. பசியோடு படித்ததாகச் சொன்னார். அவருடைய வாப்பாவுக்கு பஸாரில் பெரிய புடவைக் கடை இருந்தது. உதைபந்தாட்டப் போட்டிகளில் ஒலிவாங்கி பிடித்து வர்ணனை சொல்லி வளர்ந்தவர். தோற்கிற அணியை நையாண்டி பண்ணியே பேர் எடுத்தார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கொழும்பில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் எங்கள் பேச்சை நாக்கிலிருந்து கழுவிவிட்டார். ஊருக்கு வந்தாலும் எவரோடும் எங்கள் பேச்சில் கதைக்கமாட்டார். அதை ஒரு சாதனையாகப் புத்தகத்திலும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த அத்தியாயத்தின் பதிவைக் கேட்டபோதுதான் என் விரல் நின்றது. அது என் சாச்சியைப் பற்றியது.

சாச்சியின் பெயர் முனவ்வறா, என் உம்மாவின் தங்கை. பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். பத்திரிகையில் பொது அறிவுப் பக்கம் வந்தால் விடமாட்டார். அந்த ஆசையில்தான் 'பத்துக் கதவு'க்கு எழுதிப்போட்டார். கூப்பிட்டார்கள், போனார். சரியான பதிலுக்கு ஒரு கதவு என்று முதல் நான்கு கதவும் மளமளவென்று திறந்தன. ஐந்தாவது கேள்விக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, "யோசிச்சிக்கிட்டு இரிக்கன்" என்றார். சப்ரி சேர் தலையைச் சரித்து, ஆடு கத்துகிற மாதிரி இழுத்து "இரிக்கேஏன்" என்றார். சபை சிரித்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் சோறு வேகும்வரை யோசிப்பார்கள் என்றும் சேர்த்தார். அதற்கிடையில் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. அதே பேச்சைப் பேசி வளர்ந்த மனிதர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

அந்தத் துண்டு எல்லார் தொலைபேசிக்கும் வந்தது. பாலர் பாடசாலையில் பிள்ளைகள் சாச்சியைப் பார்த்து "இரிக்கேஏன்" என்று கத்தின. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாச்சி வேலையை விட்டார். கலியாண வீடுகளுக்குப் போவதையும் விட்டார். சேர் அந்தப் போட்டியை 'என்னைச் சிரிக்கவைத்த ஊர்க்காரி' என்று தலைப்பிட்டு, பெயரும் தெருவும் போட்டு எழுதச் சொல்கிறார்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அதுதான் புத்தகத்தின் உயிர் என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுதுகிற கைக்கு இதில் எவ்வளவு பங்கு என்று நான் என்னையே கேட்காத நாள் இல்லை. எழுதின கையோடு சாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் புத்தகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. "அவர் செஞ்சது என்னெண்டு அவர்ர வாயால ஒருக்காச் சொல்லட்டும்கா, எனக்கு அது போதும்" என்றார்.

அதற்கு ஒரு வழியும் வந்தது. சேருக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பது எங்கள் வழக்கம். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் பொருந்திக்கொள்ளாமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பது நம்பிக்கை. சேரும் மாமனார் சீனிமுகம்மதுவைக் கூட்டிக்கொண்டு சாச்சி வீட்டுக்கு வந்தார். சாச்சி கதவுச் சீலைக்கு உள்ளே நின்றார், நானும் கூட நின்றேன்.

"தெரிந்தோ தெரியாமலோ ஏதும் பிழை நடந்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள், தங்கச்சி" என்றார் சேர். எல்லா வீட்டிலும் சொல்கிற அதே வாசகம்.

சாச்சி பேசவில்லை. சேர் பிழையின் பெயரைச் சொல்லுவார் என்று காத்துக்கொண்டு நின்றார். வெளியே சீனிமுகம்மது எழும்பிவிட்டார். காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதுகிற நேரம் மணப்பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுப்பார்கள். அதே கணக்கில் அவர் மருமகனிடம், "பொம்புள பேசாம இரிந்தாப் பொருந்தினதுதான். வாங்க, இன்னும் எத்தின வீடு கிடக்கு" என்றார். போய்விட்டார்கள்.

அன்று பின்னேரமே எனக்குக் குரல் பதிவு வந்தது. அந்த அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வரி சேர்க்கவேண்டுமாம்: அந்தச் சகோதரி என்னை முழு மனதோடு பொருந்திக்கொண்டார். அந்த வரியை எழுதமாட்டேன் என்று பதில் போட்டேன். பதிவை சாச்சிக்குக் கேட்கவிட்டேன். சேரின் பயணம் எப்போது என்று மட்டும் அவர் கேட்டார்.

பயணத்தன்று சேரின் வாசல் நிறையச் சனம். துஆ ஓதி முடித்திருந்தார்கள், வான் நின்றது. சாச்சி சனத்தை விலக்கிக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"சப்ரிக் காக்கா, நான் பொருந்தல்ல."

சேர் சனத்தின் பக்கம் திரும்பி, "பாருங்க, எங்கட தங்கச்சிக்கு இன்னும் பத்துக் கதவு மறக்கல்ல" என்றார். எங்கள் பேச்சு அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டொருவர் சிரித்தார்கள்.

"நீங்க மறந்திட்டீங்க, அதான் வந்த நான். அண்டைக்கு எனக்குச் செஞ்சது என்னெண்டு இந்தச் சனத்துக்கு முன்னால சொல்லுங்க. சொன்னா இப்பயே பொருந்திறன்."

சிரிப்பு நின்றது. சீனிமுகம்மது குறுக்கே வந்தார். "பயணம் போற நேரம் இப்பிடிக் கதைக்கலாமா, புள்ள?"

"பயணம் போற நேரந்தானே மாமா பொருத்தம் கேக்கிற?"

சேரின் முகம் கறுத்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நேரம் போகிறது, வந்து கதைப்போம் என்று முணுமுணுத்துக்கொண்டு வானில் ஏறினார். சனம் வழிவிட்டது. சாச்சியைப் பார்த்து அன்று ஒருவரும் ஆடு மாதிரிக் கத்தவில்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

இப்போது அவர் ஹாஜியார். புத்தகத்தின் அட்டையிலும் பெயருக்கு முன்னால் அதைப் போட்டிருக்கிறார்கள். வெளியீட்டு விழாச் சுவரொட்டி பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி மதில் வரை ஒட்டிக் கிடக்கிறது. நான் எழுத மறுத்த வரியைக் கொழும்பில் வேறு யாரையோ கொண்டு சேர்த்துவிட்டார். வருகிற மாதம் கடைகளுக்கு வரும் எல்லாப் பிரதியிலும் சாச்சி அவரை முழு மனதோடு பொருந்தியிருப்பார்.

வந்து கதைப்போம் என்றவர் சாச்சி வீட்டுக்கு இன்னும் வரவில்லை.