சுடுகாட்டுப் பாதைக்கு விழுந்த புளியங்கொட்டை

ஊரைக் கூட்டி உக்கார வச்சு, "உங்களுக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்க"ன்னு கேக்குறதுதான் என் சோலி. அவங்க சொல்ற பதிலைக் கேட்டு மயக்கம் போடாம நிக்கிறது எப்படின்னு மட்டும் எந்தப் பயிற்சியிலயும் சொல்லித் தரல. இதே பொழப்புல மாட்டிக்கிட்டவங்களே, உங்களுக்காவது புரியும்னுதான் எழுதுறேன்.

குரங்கணிக்கு மேல, ஏலத்தோட்டத்துக்குப் போற ஏத்தத்துல ஒரு சின்னக் குடியிருப்பு. அங்க யாருக்காவது முடியலன்னா, கம்பளியை மூங்கில்ல கட்டி டோலியாக்கி, ஜீப்பு நிக்கிற எடம் வரைக்கும் தோள்ல சுமந்து எறக்கணும். அந்தப் பாதைய ரோடாக்குற வேலையை பஞ்சாயத்தோட இந்த வருசத் திட்டத்துல சேத்தாகணும்னு என்னையும், கூட வேலை பாக்குற போடிக்காரி பரீதாவையும் அனுப்புனாங்க. அங்க ஏலக்கா எடுக்கப் போற பேச்சியம்மாவோட மருமகளுக்கு அப்பத்தான் மூணு மாசம். பட்டியல்ல விட்டுப்போனா அவளுக்கும் டோலிதான்.

பங்கு

மொதல் கூட்டத்துக்கு நோட்டீசு எழுதுன புண்ணியவதி நாந்தான். "திட்டமிடலில் அனைவரும் பங்கேற்க வாரீர்." சும்மா சொல்லக் கூடாது, ஒரு வீடு பாக்கியில்லாம வந்துருச்சு. எனக்குத் தலைகால் புரியல. அப்புறந்தான் பாக்குறேன், ஆளுக்கொரு தூக்குவாளி! அந்தப் பக்கம் பங்குன்னா, கெடாயை வெட்டி வீட்டுக்கு வீடு பிரிச்சுக்குடுக்குற கறி.

பங்கேற்புன்னா என்னன்னு தொண்டை வத்த விளக்குனேன். பேச்சியம்மா பொறுமையாக் கேட்டுட்டு, வாளி மூடியத் தொறந்துச்சு.

"அதெல்லாம் சரி தாயி. கெடா எங்க? வெட்டியாச்சா, இனிமேத்தானா?"

வட்டம்

அடுத்த தடவை கோலப்பொடியக் குடுத்து, தரையில ஊர்ப்படம் போடச் சொன்னோம். டோலி தூக்குற முருகேசண்ணன் குத்தவச்சு உக்காந்து, வீடு, பள்ளிக்கூடம், ஓடை எல்லாம் வரைஞ்சாரு. பாதை நெடுக வட்டம் வட்டமாப் போட்டாரு. "மரமாண்ணே?"ன்னு கேட்டேன். இல்லையாம், தோள் மாத்த டோலிய எறக்கி வைக்கிற எடமாம்.

பாதிப் பாதையில ஒரு வட்டத்துல மட்டும் பொடிய அப்பி வச்சிருந்தாரு. வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். அது என்னன்னு கேட்டுட்டேன். அவர் நிமிந்துகூடப் பாக்கல.

"எங்கய்யா அங்க வரைக்குந்தான் வந்தாக."

புளியங்கொட்டை

ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை குடுத்து, எது ரொம்ப வேணுமோ அந்தப் படத்து மேல வைக்கச் சொல்றது எங்க முறை. தண்ணித்தொட்டி, தெருவிளக்கு, ஆஸ்பத்திரிக்குப் பாதை, சுடுகாட்டுக்குப் பாதைன்னு நாலு படம். பொம்பளைங்க வரிசையா வந்து, அத்தனை கொட்டையையும் சுடுகாட்டுல கொட்டிட்டுப் போனாங்க. "அல்லா! படத்தை மாத்தி வச்சுட்டமாக்கா?"ன்னு பரீதா பதறிட்டா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! மருமக மாசமா இருக்கையில இது வெளங்குற காரியமான்னு பேச்சியம்மாகிட்ட கத்தியே புட்டேன். அது அசரல.

"கத்தாத தாயி. சுடுகாடும் அதே பாதையிலதான இருக்கு. செத்தவுகளுக்குன்னா எல்லாரும் பயந்துக்கிட்டாவது ரோடு போடுவாக. அதுல உசுரோட இருக்கவுகளும் போய்க்கிறோம்."

நான் குனிஞ்சு சுடுகாட்டுக் கொட்டைய எண்ண ஆரம்பிச்சேன்.

போட்டோ

ஏத்தத்துக்குக் கீழ இருக்குற ஊர்ல கிராமசபை வந்துச்சு. பேச்சியம்மாவுக்கு மைக்கப் பிடிச்சுப் பேச ஒரு வாரம் பழக்கியிருந்தேன். பாதைன்னு அது ஆரம்பிச்ச ஒடனே, மேலிடத்துல இருந்து வந்த அதிகாரி குறுக்க விழுந்தாரு. "அதான் நடக்குறதுக்குப் பாதை இருக்கேம்மா, அது போதும்ல?" பேச்சியம்மா மைக்கக் கீழ வச்சிருச்சு. போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன்.

அந்தம்மா திரும்பிக் கையாட்டுச்சு. முருகேசண்ணனும் மூணு பேரும் டோலியத் தூக்கிட்டு வர்றாங்க. ஐயோ, மருமகளுக்கு என்னமோ ஆயிருச்சு! ஓடிப்போய்ப் பாத்தா, வெறும் டோலி. "ஒரு போட்டோவுக்கு உக்காருங்க சார்"னு பேச்சியம்மா பணிவாக் கூப்பிட, அவரும் சிரிச்சுக்கிட்டே ஏறி உக்காந்தாரு. தூக்குனாங்க. தூக்குனவங்க எறக்கல, நேரா ஏத்தத்துல நடையக் கட்டிட்டாங்க! கீழூர்க்காரங்களும் துண்ட ஒதறிக்கிட்டு எந்திரிச்சு, மொத்தச் சபையும் பின்னாடியே போகுது. என் வேலை போச்சுன்னு நானும் ஓடுறேன். மொதப் பாறைச் சரிவுல டோலி ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. மூங்கில ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அதிகாரி போட்ட சத்தம் குரங்கணிக்கே கேட்டிருக்கும்.

"எறக்குங்கய்யா, எழுதிக்கிறேன்! மொத வேலையா இந்தப் பாதையத்தான் எழுதுறேன், எறக்குங்க!"

சனங்களுக்குப் பேசச் சொல்லிக் குடுக்குறேன்னு மலையேறுறதும் நாந்தான், பேச்சு மூச்சில்லாம எறங்கி வர்றதும் நாந்தான்.