நீர்க்காகமும் என் குசும்பும்

என் ஓர்ப்படியாளை எனக்குப் பிடிக்காமல் போவதற்கு ஒரே ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது.

நானும் அவளும் ஒரே கரிசல் காட்டுப் பக்கம். கோவில்பட்டிக்கு மேற்கே என் ஊர், கிழக்கே அவள் ஊர். அண்ணனுக்கு நானும் தம்பிக்கு அவளுமாக வாக்கப்பட்டு, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரே வீட்டில் கீழே நான், மாடியில் அவள். நான் வந்து பல வருடங்கள் கழித்துத்தான் அவள் வந்தாள். எந்த மீனை எப்படிப் பார்த்து வாங்குவது, மழைநாளில் துணியை எங்கே காயப்போடுவது எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த மழைக்கு அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்த ஊர் ஈரம் எனக்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஜூன் பிறந்தால் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். பீரோவில் பட்டுச்சேலைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். சீப்பை வைத்தால் முடி கொத்தாக வரும். அவளுக்கோ அதே மழையில் முகம் மினுமினுத்தது. எனக்கு நெஞ்சைக் கரிக்கிற கப்பைக்கிழங்கையும் மீன்கறியையும் அவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மலையாளம் பேசியது போதாதென்று எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். நான் இன்னமும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். இப்போது முழுகாமல் வேறு இருந்தாள். எனக்கு வந்த மாதிரி வாந்திகூட அவளுக்கு வரவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகளும் மாடிக்குக் குடிபோனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அது பள்ளிப் பாடத்தில் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் மகள், ஏதாவது ஒரு பிராணியின் ‘அனுகூலனம்’ பற்றி வகுப்பில் பேசவேண்டும் என்று வந்து நின்றாள். அனுகூலம் எனக்குத் தெரியாதா என்ன. ஆட்டை எடுத்துக்கொள் என்றேன். பால் கிடைக்கும், புழுக்கை எருவாகும், தோல் விலைபோகும் என்று ஆட்டின் அனுகூலங்களை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். அதை அவள் மாடியில் போய் ஒப்பித்திருக்கிறாள். மேலேயிருந்து சித்தியும் பெண்ணும் சிரிக்கிற சத்தம் கேட்டது. மலையாளத்தில் அந்தச் சொல்லுக்குத் தகவமைப்பு என்று பொருளாம். ஒரு பிராணி தான் வாழ்கிற இடத்துக்கு ஏற்றபடி உடம்பையும் நடத்தையையும் மாற்றிக்கொள்வது. அன்றிலிருந்து பாடம் முழுக்க மாடியில்தான்.

சித்தி அவளுக்கு நீர்க்காகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். காலையில் இருவரும் படகுத்துறைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார்கள். வாத்துக்கு இறகில் எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் ஒட்டாமல் மிதக்கும். நீர்க்காகத்தின் இறகோ நனைந்துபோகும். நனைந்தால் கனம் கூடும், கனம் கூடினால் ஆழத்துக்கு முங்கி மீனைத் துரத்தலாம். அதற்காகத்தான் கரையேறியதும் சிறகை விரித்தபடி கம்பத்தில் நின்று காயவேண்டியிருக்கிறது. இதையெல்லாம் என் மகள் மாடிப்படியில் மனப்பாடம் செய்யும்போது கீழே நின்று கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

என்னிடமும் சரக்கு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்திறங்குகிற ஆடு, நெட்டைக்கால் ஆடு. முதல் தூறலுக்கே சுவரோடு ஒண்டிக்கொண்டு கத்தும். பஜார் தெருவிலேயே பிறந்த ஆடு கத்தாது. கைவண்டி மேலோ கிடங்குப் படியிலோ ஏறிக் குளம்பு நனையாமல் நின்றுகொள்ளும். மழை விட்டதும் இறங்கிவந்து சுவரொட்டியைப் பசையோடு தின்னும். இதை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஆடு வேண்டாம்மா, சித்தி நீர்க்காக்கை நல்லதுன்னு சொல்லிட்டாங்க” என்றாள். அந்தக் கறுப்புப் பறவையை அன்று கல்லால் அடிக்கலாம்போல இருந்தது.

அப்புறம் நானும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கிளம்புகிற நேரம் பார்த்து மகளை எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூப்பிட்டேன். சித்தி செய்த பலகாரத்தில் உப்பில்லை என்றேன். ஒருநாள் படியேறும்போது மேலே என் மகள் சொன்னது காதில் விழுந்தது. “அம்மாக்கு நல்ல குசும்பாணு சித்தி.”

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. எங்கள் ஊரில் குசும்பு உள்ளவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மகள் என்னைச் சிடுமூஞ்சி என்றுதான் நினைத்திருக்கிறாள் என்று பயந்திருந்தேன். என் சேட்டையை ரசித்திருக்கிறாள். சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், தட்டைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். பக்கத்து வீட்டுச் சேச்சியிடமும் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லிக்கொண்டேன், எனக்கு நல்ல குசும்பு உண்டென்று மகளே சொல்கிறாள் என்று. சேச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதெல்லாம் எல்லாருக்கும் கொஞ்சம் இருப்பதுதான் என்று என் தோளைத் தட்டினாள்.

வகுப்பில் பேசுகிற நாளன்று பெற்றோரையும் வரச்சொல்லியிருந்தார்கள். கடைசி பெஞ்சில் நானும் ஓர்ப்படியாளும் உட்கார்ந்தோம். அவளை யார் கூப்பிட்டது என்று கேட்கவேண்டியதே இல்லை. என் மகள் நீர்க்காகத்தைப் பற்றிக் கொஞ்சமும் தடுமாறாமல் பேசினாள். மனிதர்களும் இப்படி இடத்துக்கேற்ப மாறுவார்களா என்று டீச்சர் கேட்டார். சித்தி மாறிவிட்டாள், அம்மா மாறவில்லை, அதில் அம்மாவுக்கு நல்ல குசும்பு என்று அவள் மலையாளத்தில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். ஓர்ப்படியாள் மட்டும் தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வராந்தாவில் வைத்து, எத்தனை பேர் முன்னால் அம்மாவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள் பார்த்தாயா என்றேன், குத்தலாகத்தான். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“அக்கா, இங்க குசும்புன்னா நம்ம ஊர்க் குசும்பு இல்ல. பொறாமை.”

ரசம் கேட்ட கணவரும் தோளைத் தட்டிய சேச்சியும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். இவளுக்கும் முதல்நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இந்தத் தடவை என்னை வைத்துச் சிரிக்காமல் இருந்திருக்கிறாள். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்ததே என்று அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவள் ஆட்டோ பிடிக்கப் பள்ளி வாசலுக்குப் போனாள். நான் மகளைத் தூணருகே நிறுத்தினேன். “எனக்குச் சித்தி மேல குசும்பாடி?” என்று கேட்டேன். அந்தச் சொல்லை இந்த ஊர்ப் பொருளில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“உண்டல்லோ,” என்றாள். “எனக்கும் உண்டு.”

“யார் மேல?”

“சித்தி வயித்துல இருக்கற வாவ மேல. அது வந்தா சித்தி என்னைப் பாக்க மாட்டாங்கல்ல.”

வாவ என்றால் இங்கே கைக்குழந்தை. சித்தியை நினைத்து அவள் ஏங்குகிறாள் என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் அவள் நின்ற நிற்பு அப்படியே நான்தான். இது இந்த ஊர்த் தண்ணீர் கொடுத்ததில்லை, மாடியில் கற்றுக்கொண்டதும் இல்லை. என்னிடமிருந்து போனது.

ஆட்டோ வந்தது. மகள் முதலில் ஏறி, சித்திக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நடுவில் உட்காரப் போனாள். நான் அவளை அந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.