பாஸ்போர்ட்டில் இல்லாத டோஹர்ட்டி

எங்கள் குடும்பப்பெயர் டோஹர்ட்டி. தமிழில் அதை இப்படித்தான் எழுத வேண்டும் என்று நானாக முடிவு செய்திருக்கிறேன். தமிழாசிரியை என்பதால் அந்த உரிமை எனக்கு உண்டு என்று ஒரு நினைப்பு. ஊர் அதை ஒப்புக்கொண்டதில்லை. வாக்காளர் பட்டியலில் நாங்கள் டாக்கர்டி. ரேஷன் கார்டில் டாக்டர் டி. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாகச் சேர்ந்து, உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயராக அது நிற்கிறது.

அப்பா பொன்மலையில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ரயில் பாதை வேலைக்காக அயர்லாந்திலிருந்து வந்தார். இங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார், திரும்பிப் போகவில்லை. அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படம் கிடையாது, கடிதம் கிடையாது. மிஞ்சியது பெயர் மட்டும். தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அது முழுசாக இருந்தது. முதலில் ஒரு 'ஓ', அதன் தோளில் சின்னதாக ஒரு காற்புள்ளி, பிறகு டோஹர்ட்டி. 'ஓ' என்றால் அவர்கள் மொழியில் வழிவந்தவன் என்று பொருளாம். அப்பாவின் வேலைப் பதிவேட்டுக்கு வந்தபோது அந்த 'ஓ' தொலைந்து, நடுவில் ஒரு 'ஜி' முளைத்திருந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அப்பா அந்த 'ஓ'வைத் திரும்ப வாங்கப் பார்ப்பார். கிளார்க்குகள் அவர் வருவதைப் பார்த்ததும் ஃபைலுக்குள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்தப் பெயருள்ள பெரிய மனிதர்கள் யாராவது பேப்பரில் வந்தால் கத்தரித்து ஒரு பழைய டயரியில் ஒட்டிவைப்பார். ஒரே வீட்டில் பிறந்து டென்னிஸில் கொடிகட்டிப் பறந்த அண்ணன் தம்பி, ஸ்னூக்கர் சாம்பியன் ஒருவர், ஒரு பாடகர். ஸ்காட்லாந்துக்குப் பிழைக்கப் போன கிளையினர் பெயரில் ஒரு 'சி'யை வைத்துக்கொண்டார்கள், அமெரிக்காவுக்குப் போனவர்கள் ஒரு 'யூ'வை நுழைத்துக்கொண்டார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். எழுத்து எதுவானாலும் எல்லாரும் நம் ஆட்கள் என்பார். அவருக்கு ரொம்பப் பிடித்தவர் நானூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு குறுநிலத் தலைவர். இளவயதிலேயே ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பி, ஒரு நகரத்தைக் கொளுத்தி, சுடப்பட்டுச் செத்தார். தலையை வெட்டி எடுத்துப்போய் ஈட்டியில் குத்தி வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது அப்பாவின் முதுகு நிமிர்ந்துவிடும். அந்தப் பெயருக்கே 'ஊறு செய்பவன்' என்றுதான் அர்த்தம் சொல்கிறார்கள் என்பதை நான் பின்னால் எங்கோ படித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் கொஞ்சமும் பிடிக்காது. ரேஷன் கார்டில் இருந்த 'டாக்டர் டி' எப்படியோ பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை அவன் டாக்டர்தான். யாருக்காவது முழங்கால் சிராய்த்தால் அவனைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்வார்கள். அதோடு அவன் நிறம் எங்கள் அம்மாவின் நிறம். நல்ல கறுப்பு. இந்த நிறத்துக்கு இந்தப் பேரா என்று கேட்காத ஆளில்லை. அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வான்.

ஏசி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டான். ஸ்ரீரங்கத்தில் மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வடக்கு வாசல் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தான். அதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சண்டை வந்தது வளைகுடா வேலைக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது. பொன்மலை வீட்டுக்கு வந்து, தட்டில் கை கழுவுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்.

"டாடி, பாஸ்போர்ட்ல டோஹர்ட்டி போடல."

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பேர் வேண்டாமென்றால் தானும் வேண்டாமென்றுதான் அர்த்தம் என்றார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் எழுந்து போனான். அவன் விமானம் ஏறிய அன்று அப்பா பட்டறை நண்பர் ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரு வாரத்துக்குள் பேசவைத்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

பதினோரு வருஷம் அப்படியே போனது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். ஸ்ரீரங்கத்திலேயே இருப்பான். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு என்னை வரச்சொல்லி, ஒரு காபி வாங்கிக்கொடுத்து, சோப்பும் பேரீச்சம்பழமும் இருக்கும் பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவான். அப்பா அந்தப் பழத்தைத் தொட மாட்டார்.

செய்தி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. இரண்டாவது பீரியட் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணி கூப்பிட்டாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அவர் வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டுல விழுந்துட்டாராம். எழுந்திரிக்கலன்னு சொல்றாங்க. நீ கொஞ்சம் வரியாம்மா?"

மாரடைப்பு. நாற்பத்தாறு வயது.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா சமையலறைக் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் திரும்பவில்லை. வாஷரைப் பொருத்தி, குழாயை முடுக்கி, திறந்து பார்த்து, ஒழுகவில்லை என்று தெரிந்தபிறகுதான் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். எண்பது வயது மனிதரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க எனக்குப் பலமில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உடலை அனுப்ப மனைவி சம்மதக் கடிதம் தர வேண்டும் என்று அங்கிருந்த தூதரகத்தில் சொன்னார்கள். அண்ணி அன்றே கையெழுத்துப் போட்டு, ஆதாரும் திருமணச் சான்றிதழும் சேர்த்து அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து அது திரும்பி வந்தது. அவளுடைய காகிதங்களில் கணவர் பெயர் டோஹர்ட்டியோடு இருந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த ஆளுக்கு டோஹர்ட்டி கிடையாது. இவள் கணவரும் எங்களிடம் உள்ள உடலும் ஒரே நபர்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அண்ணி அதை இரண்டு தடவை படித்தாள். "அப்ப அங்க இருக்கிறது அவர் இல்லைன்னு இருக்கலாமோ?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் அவள் உண்மையாகவே அதை நம்பினாள் என்று நினைக்கிறேன். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தாசில்தார் அலுவலகத்தில் சான்று வாங்கலாம். ஆனால் பிறப்புப் பதிவில் 'ஓ'வோடு ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொன்று, ஆதாரில் மற்றொன்று. இதையெல்லாம் பெற்ற தகப்பன் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நகரும் என்றார்கள். அப்பாவை ஆட்டோவில் கோர்ட் பக்கம் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனேன். அண்ணியும் வந்தாள். மாமனாரும் மருமகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வக்கீலம்மா பொறுமையானவர். எல்லா நகல்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு எழுத்துமுறையையும் படித்துக்காட்டினார். ஏழு விதம் தேறியது. இத்தனையையும் 'என்கிற', 'என்கிற' என்று சேர்த்து எழுதினால் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருக்கும், கேள்வி மேல் கேள்வி வரும் என்றார். பிறகு நகல்களை ஒன்றாக அடுக்கினார்.

"டோஹர்ட்டிங்கிறது பழக்கத்துல சேர்த்துச் சொல்ற பேரு, என் மகனோட பேர்ல அது கிடையாதுன்னு நீங்க எழுதிக் கொடுத்துட்டா சுலபமா முடிஞ்சிரும் சார்."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ஸ்டாம்ப் பேடையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பாஸ்போர்ட் நகலைக் கேட்டார். அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, விரலால் ஒரு வரியைத் தொட்டார்.

"சர்நேம்னு போட்டிருக்கிற இடத்துல இது என் பேரு."

"ஆமா சார். நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே. சர்நேம் கேட்டா அப்பா பேரைத்தான் போடுவோம்."

"அங்க வேலை இடத்துல அவனை எப்படிக் கூப்பிட்டிருப்பாங்க?"

அண்ணிதான் சொன்னாள். "அந்தப் பேரைச் சொல்லித்தான் மாமா. அவரோட பேர் அங்க யாருக்கும் வாயில வராதாம். எல்லாரும் உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம்."

அப்பா தாளைத் திருப்பி வைத்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். பத்திரம் டைப் ஆகி வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை மின்விசிறிக்கு நேரே அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தன் மகன் பெயரில் டோஹர்ட்டி இல்லை என்ற வரிக்குக் கீழே, கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் செத்த இருபத்திமூன்றாம் நாள் மதியம் உடல் திருச்சிக்கு வந்தது. விமான நிலையத்தில் சரக்கு எடுக்கும் பக்கமாக நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் டிவி பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் சவப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் முதலில் அப்பாவின் பெயர், பிறகு அண்ணனின் பெயர். அதைப் பார்த்த ஒரு ஊழியர் குழம்பிப்போய், இறந்தவர் இவரா அவரா என்று கேட்டார். நான்தான் என்று அப்பா சொன்னார். அந்த ஊழியர் அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. திறக்கவில்லை. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அண்ணி தன் கையால் முகத்தை ஒரு தடவை தொட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பெட்டியின் மூடியை, முகம் இருக்கும் இடம் என்று அவள் நினைத்த இடத்தை, தடவிக்கொண்டே இருந்தாள்.

தன் வழக்கப்படியும் ஏதாவது செய்தால்தான் மனசு ஆறும் என்று அண்ணி சொன்னாள். அப்பா மறுக்கவில்லை, கூடவே வந்தார். காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் அண்ணியின் தம்பி ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். வயசான வாத்தியார் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைத்துவிட்டு, போனவருடைய பேரும் கோத்ரமும் சொல்லுங்கோ என்றார். பேரை அண்ணி சொன்னாள். கோத்ரம் கிடையாது, அவர் வேற மதம் என்றாள். தெரியாவிட்டால் காசியப கோத்ரம் என்று சொல்லிவிடலாம், தோஷமில்லை என்றார் வாத்தியார். படியில் உட்கார்ந்திருந்த அப்பா அப்போது வாய் திறந்தார்.

"ஓ டோஹர்ட்டி," என்றார்.

வாத்தியார் மறுபடி சொல்லச் சொன்னார். அப்பா சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு, தம் வாய்க்கு வந்தபடி அதை மந்திரத்துக்கு நடுவில் சேர்த்து, மூன்று தடவை எள்ளும் தண்ணீரும் விடவைத்தார். அண்ணி அழுதாள். ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம், நான் பக்கத்தில். பாலத்தின் மேல் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அவன் போனில் பேசும்போது தன்னைப் பற்றி ஏதாவது கேட்பானா என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

பதினோரு வருஷமாக நான் தள்ளிவைத்திருந்த கேள்வி அது. அண்ணன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூப்பிடுவான். முதல் கேள்வி எப்போதும் டாடி சாப்பிட்டாரா என்பதுதான். முட்டிவலி எப்படி இருக்கிறது, கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா என்று கேட்பான். கடைசியில், நான் கேட்டதாகச் சொல்லாதே என்பான். நான் சொன்னதில்லை. அவன் பேச்சைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில், நான் சொல்லி அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டால் அதை அவனிடம் போய்ச் சொல்ல நேருமே என்ற பயமும்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்து பாலத்தைத் தாண்டியபிறகுதான் பேசினார்.

"சொல்லியிருக்கலாம் மா நீ."

அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. என்மேல் கோபமும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தனியாக பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போகிறார். அந்த மாடி வீட்டில் உட்கார்ந்து, அண்ணி போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்புகிறார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்று அண்ணி சொன்னாள். சில நாள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிடுமாம். அவள் ரசம் ஊற்றும்வரை அப்படியே இருப்பாராம்.