இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபதுக்கு முன்பே

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் மயிலாப்பூரில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்திம்பேர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் ஒன்று சொன்னால் மறுக்கிற நிலையில் நான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் 2520 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி வராது. இதுக்குக் கீழே அப்படி ஒரு எண்ணே கிடையாது. காதாலேயே கேக்க வைக்கறேன், பாரு!”

கூடத்தில் எங்களை வட்டமாக உட்கார வைத்தார். அவர் மணைப்பலகையில் ஒரே சீராகத் தட்டுவார். மூன்று தட்டுக்கு ஒரு முறை அக்கா கைதட்ட வேண்டும். ஐந்துக்கு ஒரு முறை நான். மாடியில் குடியிருந்த தந்தி ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஏழு, அவர் மனைவிக்கு ஒன்பது. எட்டுக்கு ஒரு முறை அத்திம்பேரே, எண்ணி வைத்திருந்த 315 புளியங்கொட்டைகளிலிருந்து ஒன்றை எடுத்துத் தாம்பாளத்தில் போடுவார். மற்ற எண்களெல்லாம் இவற்றுக்குள்ளேயே அடக்கமாம்; ஐந்து சத்தமும் முதன்முதலாக ஒன்றாக விழுவது 2520-இல்தான். நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஆரம்பித்தோம். பால் பொங்கும் வாசனை வந்தது. அக்கா கைதட்டிக்கொண்டே அடுக்களைக்குப் போய், இரண்டு தட்டலுக்கு நடுவில் பாலை இறக்கிவிட்டு, கைதட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். அந்த நேரம் பார்த்துத் தேனாம்பேட்டையிலிருந்து தூரத்து உறவு மாமா ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு உள்ளே நுழைந்தார்.

“ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?”

நாங்கள் கைதட்டிக்கொண்டே இருந்தோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று முகம் தெளிந்தது.

“பஜனையா! முன்னாடியே சொல்லப்படாதோ?”

சப்பணமிட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ராம நாமத்தை எடுத்தார். நல்ல கனத்த சாரீரம். நாமம் நாலு நாலாகப் போயிற்று. என் ஐந்து எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சற்று நேரத்தில் எல்லாக் கைகளும் ‘டமார்’ என்று ஒன்றாக விழுந்தன.

குமாஸ்தாவின் மனைவி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்திம்பேர் மட்டும் மிச்சமிருந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தார். பாதிகூடக் குறையவில்லை.

“இப்போ சேரக்கூடாதே! சேரவே முடியாதே!”

“அதான் சேர்ந்துட்டோமோல்லியோ, விடுங்கோளேன்” என்றாள் அக்கா.

“யாரோ தப்புப் பண்ணியிருக்கேள்.”

குமாஸ்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “தந்தி அடிக்கிற கை சார் இது!” என்று சொல்லிவிட்டு மனைவியோடு மாடியேறிப் போய்விட்டார். மாமா பத்திரிகையை நீட்டிவிட்டு, “சுண்டல் கிண்டல் உண்டா?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அத்திம்பேர் மறுபடியும் கொட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜால்ரா சத்தம். மாமா நாலு பேரோடு நின்றிருந்தார். அத்திம்பேர் கதவைத் திறந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

எனக்கு வேலை கிடைத்து வெளியூர் போகும்வரை ஞாயிறுதோறும் அந்த வீட்டில் பஜனை நடந்தது.