பெயர் போடாத ஆயிரத்துப் பதினான்கு எம்.பி.

பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் சாலையில், மலையாளமும் தமிழும் ஒரே கடையில் அடித்துக் கொடுக்க விலாசினி ஒருத்திதான் இருந்தாள். இரண்டு மொழியிலும் ஹையர் தட்டச்சு முதல் வகுப்பு. பன்னிரண்டு வருடம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள், 1997 ஜூன் 16 அன்று பொறிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் லேசர் பிரிண்டரும் வைத்தாள்.

எல்லைப்புறத்துக் கடைக்கு ஒரு மொழி போதாது. பெண் வீட்டுக்கு மலையாளத்தில் கல்யாணக் குறி என்கிற அழைப்பிதழ் அடித்தால், களியக்காவிளைக்கு அப்புறமிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தமிழில் அடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் மலையாள எழுத்துக்கு ஒரு மென்பொருள், தமிழுக்கு வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் விசைப்பலகைக்குச் சண்டை வந்து திரையில் கட்டம் கட்டமாக விழும். விலாசினி அதற்கு ஒரு வழி கண்டாள். கம்ப்யூட்டரின் 2,014 எம்.பி. வன்வட்டை இரண்டாகப் பிரித்தாள். ‘சி’ என்ற 1,000 எம்.பி.யில் விண்டோஸ் 95, அது மலையாளத்துக்கு. மீதி 1,014இல் விண்டோஸ் என்.டி., அது தமிழுக்கு. காலையில் எந்த வேலை முதலில் வருகிறதோ அந்தப் பக்கம் திறப்பாள்.

1999 ஜனவரியில் இரண்டு மொழியையும் சேர்த்து அடிக்கும் மென்பொருள் வந்தது. தமிழ்ப் பக்கத்துக் கோப்புகளை எல்லாம் ‘சி’க்கு மாற்றிவிட்டு, மார்ச் 8, திங்கட்கிழமை காலை, எஃப்டிஸ்க் என்ற நிரலைக் கொண்டு மற்ற பாதியை அழித்தாள். பழைய இடமும் சேர்ந்து ‘சி’ இரண்டு மடங்காகும் என்பது அவள் கணக்கு. கம்ப்யூட்டர் திரும்ப எழுந்தபோது ‘சி’ அதே 1,000தான் காட்டியது. காலி 41. அழித்த பாதியைக் காணவே காணோம்.

வேலையோ சின்ன வேலை அல்ல. ஊர்த் திருச்சபையின் நூற்றாண்டு மலர். 148 குடும்பங்களின் படமும் விவரமும் இரண்டு மொழியிலும் வர வேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ட்ரேசிங் தாளில் எடுத்து அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் 81 படம் ஸ்கேன் ஆகவில்லை. படம் ஒன்றுக்கு ஒரு எம்.பி.க்கு மேல். நாற்பத்தொன்றில் பாதிகூட அடங்காது.

நெய்யாற்றின்கரையிலிருந்து ரிப்பேர்காரன் தாணு வந்தான். பையைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொன்னான்.

“சேச்சி, இது மொத்தமும் பார்மட் அடிக்கணும். முதல்லேந்து போட்டாத்தான் சி பெருசாகும்.”

“அடிச்சா இதுல உள்ளது?”

“போவும்.”

“பதினாலு மாசம் அடிச்ச பக்கமாக்கும். நீ வந்து இருந்து அடிச்சுத் தருவியாலே?”

“பிளாப்பியில எடுத்து வைங்க.”

“எழுநூறு பிளாப்பி வேணும். ஒனக்க பையில உண்டா?”

தாணு பையைப் பார்த்துக்கொண்டான். மலர்க்குழுச் செயலாளர் ஈசாக் சார் வாசலில் குடையோடு நின்று இதைக் கேட்டார்.

“விலாசினி, வெள்ளிக்கிழமைக்கு ஆகாதோ? அச்சுக்காரன் நாள் மாற்றித் தரமாட்டான் கேட்டியா.”

“ஆகும் சாறே. அங்க இரிங்க.”

அவள் எஃப்டிஸ்க்கை மறுபடி திறந்தாள். அழிக்கிற மூன்றாம் எண்ணைத் தொடாமல், விவரம் காட்டுகிற நான்காம் எண்ணை அழுத்தினாள். மொத்தம் 2,014. ‘சி’ 1,000. அதற்குக் கீழே ஒரு வரியும் இல்லை. காகிதத்தில் கழித்துப் பார்த்தாள்.

“லே தாணு, இடம் எங்கயும் போகல்ல. வீட்டை இடிச்சேன், மனை கெடக்கு. இப்ப அது ஆரு பேரிலயும் இல்லாத புறம்போக்காக்கும்.”

“அதைச் சி கூடச் சேர்க்க இந்த நிரலுக்குப் பாங்கு இல்ல சேச்சி. அதாக்கும் நான் சொன்னது.”

“சேர்க்கணும்னு ஆரு பறஞ்சா? எனக்கு முறி பெருசாகாண்டாம். பக்கத்துல இன்னொரு ரூம் போதும். படத்தை அங்க வைப்பேன்.”

தாணு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். இரண்டு வருட அனுபவத்தில் எந்த வட்டைக் கண்டாலும் மொத்தமாக அடித்தே பழகிய கை.

ஆனால் ஆபத்து இன்னும் இருந்தது. எண் மாறினால், எழுத்து மாறினால், இருக்கிற பாதியும் போய்விடும். தட்டச்சுத் தேர்வுத் தாளைத் திருத்துகிற முறையை விலாசினி இங்கே கொண்டுவந்தாள். ஒருவர் திரையை எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். மற்றவர் காகிதத்தில் எழுதிவைத்த கட்டளையோடு ஒத்துப் பார்த்துச் ‘சரி’ சொன்ன பிறகுதான் விசை. தாணு வாசித்தான்; அவள் ஒத்துப் பார்த்தாள். முதல் எண்ணில் போய் மீதி இடத்தைப் புதுப் பகுதியாக்கினார்கள். அதனுள் ஒரு டிரைவ் உண்டாக்கி, கம்ப்யூட்டரை நிறுத்தி எழுப்பினார்கள். ‘டி’ பிறந்திருந்தது. அதைப் பார்மட் செய்கிற வரிக்கு வந்தபோது தாணுவின் விரல் தானாக என்டர் விசைக்குப் போனது.

“கையை எடுலே! வாசி முதல்ல.”

“எஃப், ஓ, ஆர், எம், ஏ, ட்டி. இடைவெளி.” நிறுத்தினான். “சேச்சி, சி விழுந்து கெடக்கு.”

பழக்க தோஷத்தில் அவன் அடித்ததுதான். ஈசாக் சார் குடையைத் தவறவிட்டார். விலாசினி அந்த எழுத்தை அழித்து ‘டி’ போட்டாள்.

“இப்ப வாசி.”

“டி. இரட்டைப் புள்ளி.”

“சரி.”

இருபத்திரண்டு நிமிடம். முடிந்ததும் திரையில் இரண்டு டிரைவ் நின்றன. புதியதில் காலி ஏறக்குறைய 1,014. தாணு தலையைச் சொறிந்தான்.

“இது எனக்குத் தோணல்ல கேட்டியளா.”

“தோணாது. ஒனக்கு அடிக்கத்தான் அறியும்.”

செவ்வாய், புதன் இரண்டு நாளில் 81 படமும் ‘டி’யில் ஏறின. வியாழன் முழுக்க மெய்ப்பு. வெள்ளி காலை ஒன்பது நாற்பதுக்குக் கடைசி ட்ரேசிங் தாள் பிரிண்டரிலிருந்து வந்தது. ஈசாக் சார் 148ஐயும் விரல் வைத்து எண்ணினார். தாளைச் சுருட்டியவர் கொஞ்சம் தயங்கினார்.

“காட்டாக்கடையில ரெண்டு குடும்பம் விட்டுப்போச்சு. படம் எனக்க பாக்கெட்டில உண்டு. இனிச் சொன்னா நீ ஏசுவே.”

விலாசினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்கேனர் மூடியைத் தூக்கினாள்.

“தாருங்க சாறே. இடம் கெடக்கு.”